ஒரு சொட்டு இரத்தமும் ஒரு துண்டுத்தாளும்

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது ‘மருத்துவம் சார்ந்த படிப்புகள்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு. முப்பது நாற்பது படிப்புகளின் பெயரை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். நீங்களும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வீர்கள். ஜூன் மாதம் அந்தக் குறிப்பேடு எந்த பீரோவில் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ஒரே ஒரு படிப்பைப் பற்றி மட்டும் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், அதிலும் குறிப்பாக அதன் உள்ளே இருக்கும் இரத்தவியல். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், லேப் டெக்னீஷியன் படிப்பு.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. விலங்கியல் பட்டமும் பி.எட்.டும் முடித்து, ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். இந்தப் படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி என்னிடம் படித்த இரண்டு பெண்களிடமிருந்து வந்தது. அக்கா, தங்கை. பெயர் வேண்டாம். பெரியவள், சின்னவள் என்றே சொல்கிறேன். இங்கே பேசலாமா என்று பெரியவளிடம் கேட்டேன். “சொல்லுங்க டீச்சர், யாருக்காவது உதவட்டும்” என்றாள்.

பத்து ஆண்டுகளுக்கும் முந்தைய கதை. அப்போது பிளஸ் டூவுக்கு 1200 மதிப்பெண். பெரியவள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கியிருந்தாள். மருத்துவச் சீட்டுக்கு அது போதாது. ஆனால் அவளுக்கு ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்ய வேண்டும். அவள் அம்மா பிரசவத்தின்போது இரத்தம் கிடைக்காமல் அல்லாடிய கதையைக் கேட்டு வளர்ந்த பெண் அவள். அந்த மே மாதத்தில் எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். நல்ல சட்டை, தோள்பை, கட்டுக்கட்டாகத் துண்டுத்தாள். இரண்டு ஆண்டு லேப் டெக்னீஷியன் படிப்பு, நூறு சதவீத வேலை உறுதி, அரசு அங்கீகாரம் என்று வண்ணத்தில் அச்சடித்திருந்தது. அடுத்த நாளே பெரியவளின் அப்பா அந்தத் தாளோடு என்னிடம் வந்துவிட்டார். “டீச்சரம்மா, இதுல சேக்கலாமா? நீங்க சொன்னா சேத்துடுறேன்.”

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்திருப்பேன். “நல்ல படிப்புதான் அண்ணே, சேத்துவிடுங்க” என்று சொன்னேன்.

அவர் ஒரு கறவை மாட்டை விற்றார். இரண்டாவது ஆண்டுக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பெரியவள் இரண்டு ஆண்டும் ஒழுங்காகப் போய்ப் படித்தாள். நகரத்தில் ஒரு மாடிக் கட்டடம், இரண்டு நுண்ணோக்கி, நாற்பது பேர். பயிற்சி என்று அனுப்பிய இடம் ஒரு சிறிய கிளினிக். முடித்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள், அதையும் வண்ணத்தில்தான் அச்சடித்திருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அரசு ஆய்வக நுட்புநர் பணிக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தாள். அந்தச் சான்றிதழைக் கொடுத்த நிறுவனம் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்ததல்ல, மருத்துவக் கல்வித் துறையின் பட்டியலிலும் இல்லை, ஆகவே ஏற்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. தவறு அங்கே நடக்கவில்லை.

அன்று மாலை நேரே என்னைப் பார்க்க வந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. “நீங்க கொஞ்சம் விசாரிச்சிருக்கலாம் டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். இதை நான் இன்னும் என் வீட்டுக்காரரிடம் முழுதாகச் சொன்னதில்லை, இன்று உங்களிடம் சொல்கிறேன்.

சின்னவள் பிளஸ் டூ முடித்தபோது நான் எந்தத் தாளையும் மேலோட்டமாகப் பார்க்கவில்லை. விண்ணப்பம் எங்கே, யார் நடத்துகிறார்கள், பட்டம் யார் கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவள் சேர்ந்தது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். மூன்று ஆண்டு படிப்பு, அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. அப்போது நீட் மதிப்பெண் கேட்கவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடந்தது. உயிரியல், வேதியியல், இயற்பியல் படித்திருக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஆண்டில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் பேருந்துக்கும் பதிவேட்டுக்கும் சமாளித்தாள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இளநிலையில் ‘இரத்தவியல்’ என்று தனிப் பட்டம் தேடினால் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்ற பட்டத்துக்குள் இரத்தவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், திசு ஆய்வு, இரத்த வங்கி எல்லாம் வரும். அதிலே இரத்தத்தின் மேல் ஈடுபாடு வந்தவர்கள் முதுநிலையில் அதையே தனியாகப் படிக்கலாம். சின்னவளுக்கு அந்த ஈடுபாடு முதல் ஆண்டிலேயே வந்துவிட்டது. வந்த விதம்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமானது.

விடுமுறையில் வந்தபோது தன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடி வில்லையில் இரத்தப் பூச்சு எடுப்பதை எனக்குச் செய்து காட்டினாள். இரத்தத்துக்குப் பதில் நீலப் பேனா மை. வில்லையின் ஓரத்தில் ஒரு சிறு சொட்டு, இன்னொரு வில்லையை ஏறத்தாழ 30 முதல் 45 பாகை சாய்த்துப் பிடித்து, சொட்டைத் தொட்டவுடன் ஒரே வீச்சில் முன்னே தள்ள வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் பூச்சு கெட்டுவிடும். நல்ல பூச்சு நாக்கு வடிவில் இருக்கும், நுனியில் இறகு போல மெலிந்து முடியும். அந்த மெலிந்த இடத்துக்குச் சற்று முன்னால்தான் அணுக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகக் கிடக்கும். அங்கேதான் பார்க்க வேண்டும். நான் ஆறு வில்லைகளை வீணாக்கினேன். சப்பாத்தி தேய்க்கக் கற்றுக்கொண்ட காலம் நினைவுக்கு வந்தது. “எனக்கு இருநூறு ஆச்சு டீச்சர்” என்றாள்.

பூச்சு காய்ந்தபின் லீஷ்மன் சாயம் ஊற்றி இரண்டு நிமிடம், பிறகு தாங்கல் கரைசல் கலந்து ஏழெட்டு நிமிடம், கழுவிக் காயவைத்து, எண்ணெய் சொட்டிட்டு நூறு மடங்கு வில்லையில் பார்ப்பது. அதில் நூறு வெள்ளையணுக்களை வகை வகையாக எண்ணி எழுத வேண்டும். நியூட்ரோஃபில் இத்தனை, லிம்ஃபோசைட் இத்தனை, ஈசினோஃபில், மோனோசைட், பேசோஃபில் இத்தனை.

முதல் முறை எண்ணச் சொன்னபோது சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? நாற்பது அணு வரை எண்ணினாள். கண் வலித்தது. புத்தகத்தில் இருக்கும் இயல்பு அளவை நினைவுபடுத்தி 60, 32, 4, 4, 0 என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கூட்டினால் சரியாக நூறு. அழகான விடை. பேராசிரியை அந்த வில்லையைத் தானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அது ஒரு குழந்தையின் இரத்தம். ஈசினோஃபில் மட்டும் பதினெட்டு இருந்தது. சிவந்த மணிகள் நிறைந்த அணு, பார்த்தால் தப்பவே தப்பாது. வயிற்றில் புழு இருந்தாலோ ஒவ்வாமை இருந்தாலோ அந்த அணு கூடும். புழுவுக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டிய ஒரு குழந்தையின் தாளில் இவள் ‘இயல்பு’ என்று எழுதியிருக்கிறாள்.

பேராசிரியை திட்டவில்லையாம். “பார்க்காமலே எழுத எங்கே கற்றுக்கொண்டாய்?” என்று மட்டும் கேட்டாராம்.

சின்னவள் இதை என்னிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் ஆய்வகத்தில்தான். செய்முறைத் தேர்வுக்கு முன் நாம் என்ன செய்கிறோம்? மாதிரி அளவீடுகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைக்கு வேறு அளவு வந்தால் ‘எங்கேயோ தப்பு பண்ணியிருக்கே, பக்கத்துல பாத்து எழுது’ என்கிறோம். பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும், அளவீடு புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும், கையெழுத்து போட்டுவிடலாம். இருபது ஆண்டாக இப்படித்தான் நானும் கையெழுத்து போட்டிருக்கிறேன். நேரம் இல்லை, கருவி போதவில்லை, நாற்பது பிள்ளைக்கு நான்கு நுண்ணோக்கி. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தையின் தாளில் இந்தக் காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்காது, ‘இயல்பு’ என்ற சொல் மட்டும் இருக்கும்.

அதன்பின் நான் செய்த சின்ன மாற்றம் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் நாடித்துடிப்பு எண்ணும் செயல்பாட்டில் ‘72’ என்று எழுதிக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஓடிவந்து எண்ணி 96 என்று எழுதிய பையனுக்கு முழு மதிப்பெண். சிரிக்காதீர்கள், முதல் வாரம் வகுப்பில் பாதிப்பேருக்கு 72தான் வந்தது.

இந்தப் படிப்புக்கு எந்தப் பிள்ளை ஏற்றது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மருத்துவச் சீட்டு கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதல் பரிசாக இதைக் கைகாட்டாதீர்கள். கையில் நிதானம் உள்ள பிள்ளை, ஒரே வேலையை இருநூறு முறை செய்யச் சலிக்காத பிள்ளை, எதிர்பார்த்தது வராவிட்டாலும் வந்ததை எழுதுகிற பிள்ளை. நம் வகுப்பில் அப்படி இரண்டு மூன்று பேர் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள், அதனால் நம் கண்ணில் படமாட்டார்கள்.

இப்போதுதான் எல்லாவற்றையும் எந்திரம் எண்ணிவிடுகிறதே, மனிதக் கண் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். எந்திரம் வந்தது நல்லதே. அமெரிக்காவைச் சேர்ந்த வாலஸ் கோல்ட்டர் கண்டுபிடித்த முறை அது. ஒரு நுண்துளை வழியாக அணுக்களை ஒவ்வொன்றாக அனுப்பி, மின்தடை மாறுவதை வைத்து எண்ணுவது. 1953இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் நாற்பத்தைந்து ஐம்பது லட்சம் இருக்கும்போது கையால் எண்ணி மாளாது. ஆனால் எந்திரம் எதை எண்ணுகிறது என்று அதற்கே தெரியாத இடங்கள் உண்டு. இதை நான் என் மகனை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

சின்னவள் பயிற்சி ஆண்டில் இருந்தபோது என் மகனுக்கு நான்கு நாள் காய்ச்சல். டெங்கு பரவியிருந்த நேரம். வெளியே ஒரு இடத்தில் இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். தட்டணுக்கள் 42,000 என்று வந்தது. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் கைகால் ஓடவில்லை. பப்பாளி இலைச் சாறு, ஆட்டு ஈரல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சின்னவளுக்குப் போன் செய்தேன். எண்ணைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “ஸ்மியர் பாத்தாங்களா டீச்சர்?” அதாவது பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று. தாளில் அப்படி எதுவும் இல்லை. “உடம்பில் எங்காவது சிவப்புப் புள்ளி, பல் ஈறில் இரத்தம்?” இல்லை. “பயப்படாதீங்க, ஆனா சும்மாவும் இருக்காதீங்க. உடனே இங்க கூட்டிட்டு வாங்க.”

அவள் பயிற்சி பெற்ற அரசு மருத்துவமனைக்குப் போனோம். புதிதாக இரத்தம் எடுத்தார்கள். பூச்சு எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. இரத்த அணுச் சோதனைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற உறைவுத்தடுப்பான் இருக்கும். மிகச் சிலருடைய இரத்தத்தில் அது பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கொத்தை எந்திரத்தால் தட்டணுவாக அடையாளம் காண முடியாது, ஆகவே எண்ணிக்கை குறைவாக வரும். உடம்பில் ஒரு குறையும் இருக்காது, குழாய்க்குள்தான் குறை. நீல மூடிக் குழாயில், அதாவது சிட்ரேட் உள்ள குழாயில், மறுபடி எடுத்தார்கள். அதில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம். அந்த நீர்ப்புக்காக வந்த எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும் என்று சின்னவள் எனக்கு விளக்கினாள். பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சத்து எழுபதாயிரம். நோயியல் மருத்துவர் பூச்சைத் தானும் பார்த்து உறுதி செய்து கையெழுத்திட்டார். டெங்குச் சோதனையும் இல்லை என்று வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான்.

இதைக் கேட்டுவிட்டுத் தட்டணு குறைந்தால் எல்லாம் குழாய்க் கோளாறு என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. டெங்குவில் அது நிஜமாகவே குறையும், உயிருக்கு ஆபத்தும் வரும். உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நான் சொல்ல வந்தது, அந்த அறையில் வில்லையைப் பார்க்க ஒரு கண் இருந்தது என்பதை மட்டும்.

இன்னொன்றும் சின்னவள் சொன்னதுதான். பத்தாம் வகுப்பில் இரத்த வகைகளை நடத்துகிறோம். 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்தார், 1930இல் நோபல் பரிசு பெற்றார், ஓ வகை அனைவருக்கும் வழங்கலாம், பெட்டிச் செய்தி, முடிந்தது. இரத்த வங்கியில் நடப்பது அதோடு முடிவதில்லை. அணுக்களைச் சோதித்து வகை சொன்னபின், அதே ஆளின் பிளாஸ்மாவை எடுத்துத் தெரிந்த அணுக்களோடு சேர்த்து எதிர்த்திசையிலும் சோதிக்க வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும். ஏன் இந்த இரட்டை வேலை என்பதற்கு ‘பம்பாய் இரத்த வகை’ நல்ல விடை. 1952இல் மருத்துவர் ஒய்.எம். பேண்டேயும் அவருடைய குழுவினரும் பம்பாயில் கண்டறிந்தது. அந்த வகையினரின் அணுக்களை மட்டும் சோதித்தால் ஓ என்றே காட்டும். ஆனால் அவர்களுடைய பிளாஸ்மா ஓ அணுக்களையே திரட்டிவிடும். ஓ என்று நம்பி ஓ இரத்தம் ஏற்றினால் உயிர் போகலாம். எதிர்த்திசைச் சோதனையைச் சோம்பலால் விட்டுவிட்டால் முதல் சோதனையில் இது தெரியவே தெரியாது. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

சாயத்தின் பெயரைச் சொன்னேன் அல்லவா, லீஷ்மன். அவர் ஆங்கிலேயப் படை மருத்துவர். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் இருந்துவிட்டு நோயுற்று இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரல் பூச்சில் அவர் கண்ட ஒட்டுண்ணியைப் பற்றி 1903இல் எழுதினார். அதே 1903இல் சென்னையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். கருங்காய்ச்சல் பாடத்தில் வரும் லீஷ்மேனியா டோனவானி என்ற பெயரில் இருவரும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வாயில் நுழையாமல் திணறுகிற அந்தப் பெயரின் பாதி நம் சென்னையில் நுண்ணோக்கிக்குமுன் உட்கார்ந்திருந்த ஒருவருடையது.

கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் வடிவ இரத்தச் சிவப்பணுப் பண்பு இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952இலேயே எழுதிவிட்டார்கள். அம்மா அப்பா இருவரும் அந்தப் பண்பைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோயாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. மூட்டு வலி, கை கால் வலி என்று அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளையை ‘சாக்குச் சொல்கிறான்’ என்று நாம் நினைக்கிறோம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தில் நாற்பது வயது வரையுள்ளவர்களைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையைச் செய்ய அந்த மலையிலிருந்தே படித்து வந்த பிள்ளைகள் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நடுநிலைப் பள்ளியிலேயே அறிவியல் பிடிக்கும் பிள்ளையைக் கண்டுபிடித்து, பதினொன்றில் உயிரியல் பிரிவில் உட்காரவைத்தால்தான் அது நடக்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நம் பிள்ளைகளின் அம்மாக்கள் அவர்கள். நம்மில் பலரும் அந்தக் கணக்கில் இருப்போம். பள்ளியில் குடற்புழு மாத்திரையும் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறோம். பதிவேட்டில் கையெழுத்தும் வாங்குகிறோம். பிள்ளை விழுங்கியதா, வேலியோரம் எறிந்ததா? இதிலும் அதே கேள்விதான் வருகிறது, பார்த்து எழுதினோமா, எழுதிவிட்டோமா. சின்னவள் ஒருநாள் இரும்புச்சத்துக் குறைந்த இரத்தத்தின் பூச்சைப் படமெடுத்துக் காட்டினாள். சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளுத்து, வெறும் வளையம் போல இருந்தன. அந்தப் படத்தை ஆறாம் வகுப்பில் காட்டினேன். அதன்பின் மாத்திரையை என் முன்னாலேயே தண்ணீர் குடித்து விழுங்கிக் காட்டுகிறார்கள்.

இனிப் பள்ளிக்கு வரும் துண்டுத்தாள்களைப் பற்றி. அவை இப்போதும் வருகின்றன. தாள் குறைந்து கைப்பேசியில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். யாராவது ‘பாராமெடிக்கல்’ என்று ஒரு படிப்பைக் காட்டினால், முடிவில் சான்றிதழில் கையெழுத்திடப் போவது யார் என்று முதலில் கேளுங்கள். பல்கலைக்கழகமா, அரசுத் துறையா, அல்லது அந்தக் கட்டடத்தின் உரிமையாளரா? பல்கலைக்கழகம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலில் அந்தப் பெயரும் அந்தப் படிப்பும் இரண்டும் இருக்கின்றனவா என்று நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு இணைப்பு இருக்கும், அந்தப் படிப்புக்கு இருக்காது. இதில் ஏமாந்தவர்கள் உண்டு. பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கை, ஒரு நாளைக்கு எத்தனை இரத்த மாதிரி வரும் என்று கேளுங்கள். மாதிரி வராத இடத்தில் இருநூறு பூச்சு எப்படி எடுப்பது? வாரம் இரண்டு நாள் வந்தால் போதும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். 2021இல் இணை மற்றும் சுகாதாரத் தொழில்துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவ ஆய்வகப் பணியும் அதன் கீழ் வருகிறது. கல்வித்தகுதியும் பதிவும் கேட்கும் நிலை இறுகிக்கொண்டே போகும். வண்ணத்தில் அச்சடித்த சான்றிதழ் இனி இன்னும் கொஞ்சம்தான் ஓடும், அதை நம்பிப் பணம் கட்டிய வீடுகள்தான் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

முடிந்தால் சேருமுன் ஒருமுறை நேரில் போங்கள். நான் சின்னவளோடு போனேன். ஆய்வகத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு மேசையில் பத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து நுண்ணோக்கியில் ஒரு கண், விரல்கள் எண்ணும் பொத்தானில், டிக் டிக் என்று சத்தம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போதும் என்று இறங்கி வந்துவிட்டேன்.

இந்தத் தொழிலில் உள்ள கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. இரவுப் பணி உண்டு. தனியாரில் தொடக்கச் சம்பளம் குறைவு. அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி குத்திக்கொள்ளும் அபாயம் இருக்கிறது, ஆகவே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பெயர் வெளியே தெரியாது. நோயாளி டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார், நுண்ணோக்கிக்குமுன் இருந்தவரை அவர் பார்த்திருக்கவே மாட்டார். நமக்கு இது புதிதில்லை என்று வையுங்கள்.

பெரியவளைப் பற்றி முடிக்காமல் விட்டுவிட்டேன். அவள் ஒரு சிறிய ஆய்வகத்தில் இரத்தம் எடுத்துக் கொடுக்கும் உதவியாளராக இருக்கிறாள். அவள் கை அவ்வளவு மென்மை. வயதானவர்களின் நரம்பு பிடிபடாதபோது அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அறிக்கையில் கையெழுத்திடும் தகுதி அவளுக்கு இல்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போனது.

போன மாதம் அவளை எங்கள் பள்ளிக்கு அழைத்தேன். பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசச் சொன்னேன். தங்கை வந்து பேசட்டும், அவள்தானே படித்தவள் என்றாள். இல்லை, நீ வா என்றேன். வந்தாள். தன் சான்றிதழை உறையோடு எடுத்து வந்திருந்தாள். பிள்ளைகள் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். தங்க நிற முத்திரை, ஆங்கிலத்தில் வளைந்த எழுத்து. ஒரு பெண், “நல்லாத்தானேக்கா இருக்கு, இதுல என்ன இல்ல?” என்று கேட்டாள்.

பெரியவள் சான்றிதழைத் திருப்பி வாங்கி, கீழே கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். “இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு கேளுங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”